கேடி என்று பேர் வைத்தவர்கள்

எங்க ஊரில் களவு போனால் போலீஸ் வண்டி முதலில் போய் நிற்கிற தெரு ஒன்று உண்டு. 'அவனுகளை விசாரிச்சாங்களா?' என்று களவு கொடுத்தவர் கேட்பார், டீக்கடைக்காரர் கேட்பார், சின்ன வயசில் நானும் கேட்டிருக்கிறேன். களவைப் பார்த்தவர் யாருமில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தெருவுக்கு இருந்த பேர் மட்டும்தான்.

இந்தப் பேர் வைத்தலை ஆராய்ந்த சமூகவியல்தான் முத்திரைக் கோட்பாடு. 1938இல் டானன்பாம், 1951இல் லெமர்ட், 1963இல் 'அவுட்சைடர்ஸ்' நூலில் ஹோவர்ட் பெக்கர் என்று அமெரிக்காவில் வளர்ந்தது. பிறழ்வு என்பது செயலுக்குள்ளேயே உறைந்திருக்கும் குணமல்ல, விதியை உண்டாக்கும் குழுக்கள் அதை யார்மேல் பிரயோகிக்கின்றன என்பதில்தான் அது பிறக்கிறது என்றார் பெக்கர். லெமர்ட் அதை இரண்டு கட்டமாகப் பார்த்தார். முதலில், எவரும் செய்யக்கூடிய சில்லறை மீறல். பிறகு, அதற்குக் கிடைத்த முத்திரையைச் சுற்றியே ஒருவன் தன்னை அமைத்துக்கொள்வது. வேலை கிடைக்காது, சகவாசம் மாறும், கடைசியில் முத்திரை சொன்னது பலித்துவிடும்.

சரி. ஆனால் நம்ம சரித்திரத்தை இதற்குள் வைத்தால் கோட்பாடு தடுமாறுகிறது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இதில் லெமர்ட்டின் முதல் கட்டமே தேவைப்படவில்லை. களவு செய்ய வேண்டாம், பிறந்தால் போதும். மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். கைரேகை வைக்கணும், ராத்திரி ஆஜராகணும், ஊர் தாண்ட ராதாரிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

'பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவன்' என்று பெக்கரிடம் ஒரு வகை இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. அது தனியாள் மேல் விழும் பிசகு. ஒரு ஜனக்கூட்டத்தையே பட்டியலில் ஏற்றுவதைப் பிசகு என்று சொல்லிவிட முடியுமா? அது அரசாட்சி.

அந்த ஆட்சிக்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி விற்ற குறவர்களின் பிழைப்பை ரயிலும் உப்புக் கொள்கையும் பறித்த கதையை மீனா ராதாகிருஷ்ணா எழுதியிருக்கிறார். கள்ளர்கள் வைத்திருந்த ஊர்க்காவல் வெள்ளைக்காரன் போலீசிடம் போனது. சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்து எருகலர்கள் பக்கத்துப் புகையிலைக் கம்பெனிக்குக் கூலிகளானார்கள். பிழைப்பைப் பிடுங்கிய கையே முத்திரையும் குத்தியது, மலிவான உழைப்பையும் எடுத்துக்கொண்டது. 1968இல் பெக்கர்மேல் ஆல்வின் கூல்ட்னர் வைத்த விமர்சனமும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. இந்தச் சமூகவியல் கீழ்மட்ட அதிகாரியைச் சாடிவிட்டு, அவனுக்கு மேலே இருக்கிற அதிகாரத்தைத் தப்பவிட்டுவிடுகிறது.

அதற்காக இதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சட்டம் 1947இல் இங்கே ரத்தானது, 1952இல் நாடு முழுக்கப் போனது. ஜனங்களுக்குச் 'சீர்மரபினர்' என்ற பேர் வந்தது. ஆனால் 1948லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்துவிட்டது. சாதியையும் குற்றப் பழக்கத்தையும் முடிச்சுப்போட்ட சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3இல். சீர்மரபினரை இஷ்டத்துக்குக் கைது செய்யாதே என்று போலீசுக்கு அப்போதும் உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் செத்தும் முத்திரை எப்படிச் சாகாமலிருக்கிறது என்பதை விளக்க பெக்கர் வேண்டும்.

நாம் சர்வசாதாரணமாகத் திட்டுகிற 'கேடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நோன் டிப்ரிடேட்டர்' என்று போலீஸ் பதிவேட்டில் எழுதியதன் இரண்டு முதலெழுத்து அது. பதிவேட்டை மறந்துவிட்டோம், சொல்லை வைத்துக்கொண்டோம். நம்ம கதைகளில் 'கேடிப்பய' என்று ஒரு பாத்திரம் வந்ததும், அவன் எந்தத் தெருவில் இருந்து வருகிறான் என்று வாசகனுக்குச் சொல்லாமலே தெரிகிறதே, அது எப்படி? போலீஸ்காரன் எழுதி முடித்த இடத்திலிருந்து நாம் எழுதத் தொடங்குகிறோம். அந்தத் தெருவைப் பற்றிச் சின்ன வயசில் நான் கேட்ட கேள்வியும் நான் உண்டாக்கியதல்ல. யாரோ எழுதிவைத்ததை என் வாயால் சொன்னேன்.