வட்டமான மாதா கோயில்

லண்டனில் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று யார் கேட்டாலும் சட்டென்று சொல்வேன்: லெஸ்டர் ஸ்கொயரை ஒட்டிய சந்தில் இருக்கும் நோத்ர் தாம் த பிரான்ஸ். பிரெஞ்சுக்காரர்களின் மாதா கோயில். வாசலில் நிற்கும்போது ஒன்றும் பிடிபடாது. உள்ளே நுழைந்தால் சுவர் வட்டமாக வளைந்து நம்மைச் சூழ்ந்துகொள்ளும். ஆஹா!

அந்த வட்டம் வந்த கதைதான் அதைவிட அருமை. 1793இல் ராபர்ட் பார்க்கர் இங்கே பனோரமா காட்சிக்கூடம் கட்டினார். காசு கொடுத்து உள்ளே போய் நடுவில் நின்றால், சுற்றிலும் ஒரு நகரம் முழுவட்ட ஓவியமாக விரியும். சோஹோ பக்கம் பிழைக்க வந்த ஏழைப் பிரெஞ்சு மக்களுக்குக் கோயில் தேடிய மரியன்னை சபைக் குரு சார்ல் ஃபோர், 1865இல் அந்தக் கூடத்தையே வாங்கிவிட்டார். என்ன துணிச்சல்! கட்டடக் கலைஞர் லூயி-ஒகுஸ்த் புவாலோ உள்ளே இரும்புத் தூண்களை நிறுத்தினார். 1868இல் அது கோயிலாகிவிட்டது.

1940 நவம்பரில் குண்டு விழுந்து பெருஞ்சேதம். ஐம்பதுகளில் புதிதாகக் கட்டியபோதும் வட்டத்தை அவர்கள் விடவில்லை. அடிக்கல்லைக்கூடப் பிரான்சின் சார்த்ர் பேராலயத்திலிருந்து தருவித்தார்கள்.

இனி ழான் காக்தோ. கவிஞர், திரைப்பட இயக்குநர், ஓவியர். 1959 நவம்பரில், எழுபது வயதில், இங்குள்ள சிற்றாலயச் சுவர்களில் அவர் வரைந்த மாதா சித்திரங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குப் போதாது. சிலுவைக் காட்சியில் இயேசுவின் கால்கள் மட்டுமே தெரிகின்றன, முகம் இல்லை. கீழே பகடை உருட்டும் சிப்பாய்கள், மேலே கறுப்புச் சூரியன். சிலுவைக்கு முதுகைக் காட்டியபடி காக்தோ தன்னையும் வரைந்திருக்கிறார். வேதனையைச் சில கோடுகளில் இப்படிச் சொன்ன இன்னொரு சுவரை நான் கண்டதில்லை.

அவருடைய பீடப் பலகைக்குப் பின்னால் போரிஸ் அன்ரெப் செய்த கிறிஸ்து பிறப்பு மொசைக் பல்லாண்டுகள் மறைந்து கிடந்து, 2003இல் மறுபடி வெளிப்பட்டது. பிரதான பீடத்தின் பின்னே தோம் ரோபேர் வடிவமைத்த திரைச்சீலையில் பூக்களுக்கும் விலங்குகளுக்கும் நடுவே மாதா நிற்கிறாள்.

இன்றும் பிரெஞ்சு மொழியில் பூசை நடக்கிறது. அகதிகளுக்கு உதவும் மையமும் இங்கேயே இயங்குகிறது; அந்நிய மண்ணில் பிழைக்க வந்தவர்களுக்காக எழுந்த கோயில் அல்லவா!

லண்டன் போகிறவர்களே, லெஸ்டர் ஸ்கொயரில் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பிரின்ஸ் சார்ல்ஸ் சினிமா இருக்கும் அதே சந்துதான். கட்டணம் கிடையாது. அவசியம் உள்ளே போய்ப் பாருங்கள்.