ஈரக் காற்றில் ஒரு ஹார்னெட்

மலேசிய அரச ஆகாயப்படைக்கு 1997இல் எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. பட்டர்வொர்த் தளத்தில் 18ஆம் அணிக்குரியவை. எம்45-01 முதல் எம்45-08 வரை எண் தாங்கியவை. அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட் மேலே ஒரு சாம்பலும் கீழே அதைவிட வெளிர்ந்த இன்னொரு சாம்பலுமாக இருக்கும். நம்முடையது முதுகு முதல் அடிவயிறு வரை ஒரே கருஞ்சாம்பல். மாதிரி விமானம் செய்கிறவர்களில் பலர் இந்த நிறத்தைப் பார்த்ததும் ஆர்வம் குன்றிவிடுகிறார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பு இல்லை, மூக்கில் சுறாவின் பல் வரிசை இல்லை. ஏர்பிரஷ் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்று நினைக்கிறார்கள். அப்படி முடிப்பதில்தான் இந்த விமானத்தின் அழகு கைநழுவிப் போகிறது என்பேன். இந்த ஹார்னெட் தூரிகைக்கு உரியது. அதிலும் மலாக்காவில் உட்கார்ந்து தீட்டுகிறவருக்குத் தூரிகையைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

ஏர்பிரஷ்ஷின் அருமையை நான் மறுக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் விமானங்களின் விலாவில் ஒரு நிறம் இன்னொன்றில் புகையாகக் கரைகிறதே, அதைத் தூரிகையால் கொண்டுவர முயல்வது வீண் பாடு. அங்கே காற்றுக்குத்தான் வேலை. ஆனால் எல்லா விமானத்துக்கும் அதுவே அளவுகோல் என்று ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்தக் கலை பிறந்ததே தூரிகையோடுதான். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் 1/72 என்ற அளவு 1930களின் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1942இல் அமெரிக்க அரசு பள்ளி மாணவர்களிடம் இதே அளவில் ஐந்து லட்சம் மர விமானங்கள் செதுக்கித் தரும்படி கேட்டது. நட்பு விமானம் எது, பகை விமானம் எது என்று வீரர்களின் கண்ணைப் பழக்குவதற்காக. பிறகு 1953இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் பிளாஸ்டிக்கில் வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பிள்ளைகளின் மேசையில் இருந்தவை 14 மில்லி ஹம்புரோல் தகர டப்பாவும் ஒரு தூரிகையும்தான்.

ஹார்னெட்டின் உண்மையான தோலைப் பார்க்க வேண்டுமானால் லங்காவிக்குப் போக வேண்டும். 1991இல் தொடங்கிய லிமா வான்-கடல் கண்காட்சியில், தரையில் நிறுத்திவைத்த விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கலாம். தொலைவிலிருந்து ஒரே நிறமாகத் தெரிந்தது பக்கத்தில் போனால் பல நிறமாகப் பிரியும். பழுது பார்த்து மாற்றிய தகடு ஒரு சாயல், பழைய தகடு வேறொரு சாயல். வெயில் நேராக விழும் முதுகு வெளுத்திருக்கும். இறக்கையின் அடி இன்னும் கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். இறக்கை முன்பக்கம் நீண்டு விமானி அறையை ஒட்டி வரும் அந்த அகன்ற பகுதியில் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். ஹார்னெட்டின் ஏணி இடப்பக்கத்து நீட்சிக்கு அடியில் மடங்கிக் கிடப்பது. அதனால் வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் தேய்மானம் கூடுதல். கடற்காற்று, உப்பு, வெயில், பூட்ஸ் கால், துடைத்த துணி எல்லாம் சேர்ந்து எழுதிய மேற்பரப்பு அது. இதை ஏர்பிரஷ்ஷால் சீராக ஊதி முடித்துவிட்டு, பிறகு அழுக்கு, வெளுப்பு, கறை என்று ஒவ்வொன்றாகச் செயற்கையாகச் சேர்க்கிறார்கள். தூரிகையோ முதல் பூச்சிலேயே அந்தச் சீரின்மையைத் தன்னோடு கொண்டுவருகிறது. மெல்லிய பூச்சு மேல் மெல்லிய பூச்சு விழும்போது சில இடம் சற்று அடர்ந்தும் சில இடம் சற்று தெளிந்தும் நிற்கும். அதைக் குறை என்று தேய்த்து அழிக்காமல், எங்கே அடர வேண்டும், எங்கே தெளிய வேண்டும் என்று கை தீர்மானிக்கக் கற்றுக்கொண்டால், கருஞ்சாம்பல் பேசத் தொடங்கும்.

இங்கே மலாக்காவின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டு நிற்கும். ஏர்பிரஷ்ஷுக்கு இது பகை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிக் குழாய்க்குள் சேரும்; வடிகட்டி வைத்தாலும் மழை நாளில் ஒரு துளி தப்பி வந்து இறக்கையில் தெறிக்கும். லாக்கர் வகைப் பெயிண்ட் ஈரக் காற்றில் வெண்மை பூத்துப்போகும். தூரிகைக்கோ இதே காற்று துணை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டுக்குத் தூரிகைத் தடம் விழக் காரணமே, அது சமமாகப் பரவி அடங்கும் முன் உலர்ந்துவிடுவதுதான். வறண்ட நாடுகளில் உலர்வதைத் தாமதப்படுத்த அதற்கென்று ஒரு திரவம் வாங்கிக் கலக்கிறார்கள். நமக்கு அதை வானமே தருகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மழை ஓய்ந்த மாலையில் உட்கார்ந்தால், தடவிய பெயிண்ட் கண்ணெதிரே தானாகத் தாழ்ந்து, கோடுகள் மறைந்து, தட்டையாவதைப் பார்க்கலாம். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது. குளிர்சாதன அறையில் இது நடக்காது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பெயிண்டின் தடிமன்தான் இந்த வேலையின் உயிர்நாடி. 1/72 அளவில் ஹார்னெட்டின் நீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனாகப் பூசினால், உண்மை விமானத்தின்மேல் ஏழு மில்லிமீட்டர் தடிமனில் அப்பியதற்குச் சமம். எந்த விமானமும் அப்படிப் பறக்காது. அகாடமி, ஹசெகவா நிறுவனங்களின் கிட்டுகளில் தகட்டுக் கோடுகளை மயிரிழையாகப் பதித்திருக்கிறார்கள். அப்பினால் அவை தூர்ந்துபோகும். ஆகவே பெயிண்டைத் தண்ணீர் விட்டு நெகிழ்த்த வேண்டும். முதல் பூச்சு அசிங்கமாகத்தான் இருக்கும். அடியிலுள்ள பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரியும். அங்கே பொறுமை இழந்து மறுபடி தொட்டால் பாதி உலர்ந்த படலம் கிழிந்துவிடும். தொடக் கூடாது. முழுக்க உலரட்டும். இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்கே. மூன்றாவது மறுபடி நீளவாக்கில். கடைசிப் பூச்சின் இழுப்பு மட்டும் எப்போதும் மூக்கிலிருந்து வாலை நோக்கி, காற்று விமானத்தைத் தழுவி ஓடும் திசையில் இருக்க வேண்டும். அப்போது மிஞ்சி நிற்கும் நுண்ணிய தடமும் மழையும் காற்றும் இழுத்த கறையாகவே கண்ணுக்குப் படும்.

தூரிகையில் சிக்கனம் கூடாது. பெரிய பரப்புக்கு மென்மையான செயற்கை மயிரில் தட்டைத் தூரிகை ஒன்று, நுனி பிசகாத கூர்த் தூரிகை ஒன்று. இந்த இரண்டும் நல்லதாக இருந்தால் போதும். பெயிண்டிலும் தேர்வு வேண்டும். தமியாவின் அக்ரிலிக் ஊதுவதற்கு அருமையானது, தூரிகைக்குப் பிடிவாதம் பிடிக்கும். ஆல்கஹால் கலந்தது என்பதால் மேல்பூச்சு கீழ்ப்பூச்சைக் கரைத்துவிடும். ஸ்பெயின் நாட்டு வயேஹோ போன்றவை தூரிகைக்கென்றே அமைந்தவை. கருஞ்சாம்பலின் அமெரிக்கத் தர எண் 36118. மிஸ்டர் ஹாபி வரிசையில் எச் 305. ஆனால் எந்தப் புட்டியிலிருந்தும் அப்படியே எடுத்துத் தீட்டாதீர்கள். சிறிய உருவத்தின்மேல் எந்த நிறமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளிர் சாம்பல் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் முதுகுத் தகடுகளுக்கு இன்னும் கொஞ்சம்.

கேனபி என்கிற கண்ணாடி மூடியில்தான் மலாக்கா மண்ணின் பொருள் நேரடியாக வேலைக்கு வருகிறது. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டமாக விரித்தார். மலாயாவின் ரப்பர் வாணிபம் தொடங்கியது இந்த மாநிலத்தில். நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் பல இன்று செம்பனையாகிவிட்டன, ஆனாலும் பாலின் குணம் நம்மவர்க்கு மறக்கவில்லை. பெயிண்ட் படக் கூடாத இடத்தில் தடவ, கடையில் சின்னப் புட்டியில் வரும் மறைப்புத் திரவங்களில் பல வேறொன்றுமில்லை. உறையாமலிருக்க அம்மோனியா கலந்த ரப்பர் பால். புட்டியைத் திறந்தால் தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசனை குப்பென்று வரும். ஹார்னெட்டின் இரட்டை இருக்கைக் கேனபியில் கண்ணாடி மேல் இதை மெல்லத் தடவி, உலர்ந்து நிறம் தெளிந்ததும், சட்டத்தின் ஓரத்தில் புது பிளேடால் அழுத்தாமல் கீறி, சட்டத்துக்குரிய பகுதியை மட்டும் உரித்தெடுத்துவிட்டு அங்கே சாம்பல் தீட்ட வேண்டும். முடிந்ததும் மிச்சப் படலத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால், பால் சேரும் மங்கில் ஒட்டிய கட்டிப்பாலைப் பிடுங்குவதுபோலவே, ஒரே தோலாக உரிந்து வரும். கவனிக்க வேண்டியது ஒன்று: அம்மோனியா அக்ரிலிக் பெயிண்டைக் கரைக்கும். பூசி முடித்த இடத்தின்மேல் இந்தப் பாலை வைக்கக் கூடாது. வெறும் கண்ணாடியில் மட்டும்தான்.

சின்னங்களை வரைவது தனிச் சுகம். அமெரிக்கச் சின்னங்கள் எல்லாப் பெட்டியிலும் டீக்கல் என்ற ஒட்டுப்படலமாக வரும். நம் ஆகாயப்படையின் 14 முனை நட்சத்திரம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். பதின்மூன்று மாநிலங்களுக்கும் கூட்டரசுக்குமாகத் தேசியக் கொடியில் ஒளிர்கிற அதே நட்சத்திரம். மாதிரியின்மேல் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் அளவு. எட்டு முனையோ பதினாறோ என்றால் வட்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துப் போகலாம். ஏழால் வகுப்பது கைக்கு அவ்வளவு எளிதில் வராது. முனைக்கு முனை இடைவெளி இருபத்தாறு பாகைக்குச் சற்றுக் குறைவு. பென்சில் முனையளவு தூரிகையால் ஒவ்வொரு முனையாக இழுத்தால் எப்படியும் ஒன்று தடிக்கும், ஒன்று சாயும்.

இதற்கு வழி கோயிலில் இருக்கிறது. செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயமானாலும், தோட்டத்து மாரியம்மன் கோயிலானாலும், கும்பாபிஷேகத்துக்கு முன் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர்களைச் சாரத்தின் அடியில் நின்று பார்த்திருப்போம். அம்மனின் நகைக்கோ புடவைக் கரைக்கோ அவர்கள் மஞ்சளைத் தாராளமாகத் தடவிவிடுவார்கள். வடிவம் அப்போது பிறப்பதில்லை. பிறகு கரும்பச்சையோ சிவப்போ கொண்டு, சுண்டுவிரலைச் சிற்பத்தில் ஊன்றி, மஞ்சளை ஓரங்களிலிருந்து உள்நோக்கி அறுத்து வருவார்கள். மிஞ்சுவதே மணி, மிஞ்சுவதே கரை. நட்சத்திரத்துக்கும் அதே முறை. வெளிர் நிறத்தை வட்டமாகப் பரப்பி உலரவிட்டு, முனைகளுக்கு இடையேயான பள்ளங்களை அடர்நிறத்தால் அறுத்து உள்ளே வந்தால் பதினான்கு முனையும் தாமாகக் கூர்மை பெறும். ஒன்று தடித்தால் அடர்நிறத்தால் இன்னொரு கீற்று. சாய்ந்தால் எதிர்ப்பக்கம் ஒரு கீற்று. முனைகளை வரைவதில்லை, அவற்றின் இடைவெளியைத்தான் வரைகிறோம். கிடைக்கிற டீக்கலைவிட இப்படித் தீட்டிய நட்சத்திரம் எனக்கு அழகு. படலத்தின் விளிம்பு தெரியாது, தோலோடு தோலாக இருக்கும்.

எஞ்சின் வாய்கள் இரண்டும் தூரிகைக்கு விருந்து. கறுப்பு அடித்து, உலோக நிறத்தைத் தொட்ட தூரிகையைத் தாளில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட வெறும் தூரிகையால் மடல்களின் மேடுகளை உரசினால் சூட்டில் வெந்த எஃகு எழும்பி வரும். இதை ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களும் தூரிகையால்தான் செய்கிறார்கள். பிறகு பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, தகட்டுக் கோடுகளில் நெகிழ்த்திய கரும்பழுப்பு எனாமல், மேலே மங்கல் வார்னிஷ். கோடுகளுக்குக் கறுப்பைப் போடுகிறவர்கள் உண்டு. கருஞ்சாம்பல் உடலில் அது கட்டம் போட்ட சட்டைபோல் தூக்கி நிற்கும், வேண்டாம்.

தூரிகைக்கு எட்டாத ஒரு விமானம் நம் ஆகாயப்படையின் வரலாற்றில் உண்டு. ஆஸ்திரேலியா 1969இல் பத்து சேபர் விமானங்களைக் கொடையாகத் தந்தது. பட்டர்வொர்த்தில் 11ஆம் அணி அவற்றைப் பறக்கவிட்டது, 1975இல் எஃப்-5ஈ வரும்வரை. ஆஸ்திரேலியர்கள் அவற்றை வண்ணம் பூசாத அலுமினியப் பளபளப்பிலேயே வைத்திருந்தார்கள். வெள்ளிப் பெயிண்டைத் தூரிகையால் இழுத்தால் அதிலுள்ள உலோகத் துகள்கள் தடத்தின் போக்கிலேயே வரிசைகட்டி நிற்கும். எந்த ஈரக் காற்றும் அதை ஆற்றாது. அதற்காக ஏர்பிரஷ் வாங்கப் போக வேண்டியதில்லை. சமையலறை அலுமினியத் தாளைத் தகடு தகடாக வெட்டி, மெல்லிய பசை தடவி, பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஒட்டலாம். கோடுகள் தாமாக எழும்பி வரும். தாளின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கும். ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கம், அடுத்ததற்கு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு போகலாம். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு, வெப்பத்தில் நிறம் மாறியவை என்பதால், மங்கும் பக்கமே நல்லது.