யந்திர நேரமும் மனித ஆயுளும்

நாவல் எழுதுகிறவனுக்கு உபயோகப்படுகிற புஸ்தகங்கள் எல்லாம் நாவல்களாகவே இருப்பதில்லை. ஷாரன் டிராவீக் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி, 1988-ல் ஹார்வர்ட் சர்வகலாசாலைப் பதிப்பகம் வெளியிட்ட 'பீம்டைம்ஸ் அண்ட் லைஃப்டைம்ஸ்' அப்படி ஒரு புஸ்தகம். அவர் மானிடவியல் ஆராய்ச்சியாளர். தீவுக்கோ மலைக்கோ போய், அங்குள்ள ஜனங்களின் பழக்கவழக்கங்களைக் குறித்துக்கொண்டு வருவது அந்தத் துறையில் வழக்கம். இவர் போனது கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்லாக் ஆராய்ச்சி நிலையத்துக்கும், ஜப்பானில் த்ஸுகுபாவில் இருக்கிற கே.இ.கே. நிலையத்துக்கும். அங்கே அவர் கண்ட ஜாதியார், அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஆராய்கிற பௌதிக விஞ்ஞானிகள்.

ஸ்லாக்கின் யந்திரம் இரண்டு மைல் நீளம். எலெக்ட்ரான்களை அதற்குள் விட்டு, ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு ஓட்டி, மோதவைத்து, என்ன சிதறுகிறது என்று அந்த நாளில் பார்த்தார்கள். ஒவ்வொரு சர்வகலாசாலையும் இப்படி ஒன்றைக் கட்டிக்கொள்ள முடியாது. ஆகவே வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கோஷ்டி கோஷ்டியாக வருகிறார்கள். மனுப் போட வேண்டும். கமிட்டி பார்த்து இத்தனை நேரம் உங்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் பீம்டைம் என்று பெயர். கிடைத்தபின் இரவு பகல் கிடையாது, முறை போட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டியதுதான்.

யந்திர நேரம் மணிக்கணக்கு, மனித ஆயுள் வருஷக்கணக்கு. முன்னது பின்னதை எப்படித் தின்கிறது என்பதே புஸ்தகத்தின் விஷயம். டாக்டர் பட்டம் வாங்கியும் நிரந்தர உத்தியோகம் கிடைக்காத வாலிபர்களின் பதைப்பை எழுதியிருக்கிற பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன. பிரசுரமான கட்டுரைகளைவிட வாய்ப்பேச்சுக்கே அந்த உலகத்தில் மதிப்பு அதிகம் என்கிறார். யார் கெட்டிக்காரன், யாருடைய கருவியை நம்பலாம் என்பதெல்லாம் பேச்சிலேயே தீர்ந்துவிடுகிறது. விஞ்ஞானிகளும் வம்பு பேசுவார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

கருவிகளைப் பற்றிய பகுதிதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஸ்லாக்கில் கோஷ்டியார் தங்கள் கருவியைத் தாங்களே கட்டி, பிரித்து, ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கே.இ.கே.யில் கம்பெனிகளைக் கொண்டு, நெடுநாள் நீடிக்கும்படி செய்விக்கிறார்கள். அமெரிக்கக் கோஷ்டி பந்தாட்டக் குழு மாதிரி, ஜப்பானியக் கோஷ்டி கூட்டுக்குடும்பம் மாதிரி. வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்துக் குடித்தனத்தைச் சொல்லிவிடுகிற இந்தச் சாமர்த்தியம் நாவலாசிரியர்களிலேயே சிலருக்குத்தான் உண்டு.

இவ்வளவு இருந்தும் புஸ்தகத்தில் ஆள் இல்லை. 'இளைஞர்', 'தலைவர்', 'மனைவி' என்று வகைகள் நடமாடுகின்றன. முறைப்படி ஆராய்ச்சி செய்கிறவர் பெயரை மறைப்பது நியாயமே. ஆனால் பெயரோடு சேர்ந்து முகமும் போய்விட்டது. இதில் அதிகம் நஷ்டப்படுகிறவன் கடல் தாண்டி வருகிறவன். கே.இ.கே. ஸ்தாபனமானது 1971-ல், அதன் பெரிய யந்திரம் ஓடத் தொடங்கியது 1976-ல். அதற்கு முன்னால், மிக உயர்ந்த சக்தியில் பரிசோதனை செய்ய விரும்பிய ஜப்பானியர் வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. பிற்பாடும் போனார்கள். அப்படிப் போகிறவன் விருந்தாளியுமல்ல, வீட்டுக்காரனுமல்ல. நிலையத்திலேயே வேலை பார்க்கும் கோஷ்டிக்கும் வந்துபோகும் கோஷ்டிக்கும் உள்ள போட்டியை டிராவீக் கவனித்திருக்கிறார். ஆனால் பின்னிரவு மூன்று மணிக்கு, எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போய், ஒதுக்கிய நேரம் வீணாகிக்கொண்டிருக்கையில், ஜப்பானில் இது ராத்திரிச் சாப்பாட்டு நேரம், குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறவனை அவர் காட்டவில்லை.

காட்ட முடியாத விஷயமல்ல இது. 1974 நவம்பர் 11-ந் தேதி ஸாமுவேல் டிங் ஒரு கமிட்டிக் கூட்டத்துக்காக ஸ்லாக்குக்கு வந்திருந்தார். நியூயார்க் பக்கம் புரூக்ஹேவன் நிலையத்தில் தம் கோஷ்டி கண்ட புதுத் துகளைப் பற்றி இன்னும் பிரசுரிக்காமல் வைத்திருந்தார். அங்கே பர்ட்டன் ரிக்டர், தாங்களும் அதையே கண்டுவிட்டதாகச் சொன்னார். 1976-ல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அந்தக் காலை நேரத்தில் இருவர் முகமும் எப்படி இருந்திருக்கும்! புஸ்தகம் எழுந்த உலகத்திலேயே நடந்த சம்பவம் இது.

2015-ல் ஜெனீவாவில் உள்ள செர்ன் நிலையத்தின் இரண்டு கோஷ்டிகள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் ஆசிரியர் பெயர்களும் அவர்கள் ஸ்தாபனங்களும்தான். ஆசிரியர்கள் 5,154 பேர். டிராவீக் பார்த்த கோஷ்டிகள் இதைவிட மிகச் சிறியவை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தவை. அந்த நாளிலேயே ஒருவனையாவது விமான நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு அறை வரையில் பின்தொடர்ந்து போயிருக்கலாம்.