இறுதியில் வெளிப்பட்ட பெயர்

திரைப்படத்தைப் பற்றி நம் ஏடுகளில் எழுதுவதா என முகம் சுளிப்போர் உண்டு. எனினும், நம்மைப் பற்றிச் சகோதர சமயத்தார் கொள்ளும் எண்ணத்தில் பெரும்பகுதியை வெண்திரையே உருவாக்குகிறது. அங்கு நம் உருவம் எவ்வாறு தீட்டப்படுகிறது என நோக்குவது வீண் வேலையன்று.

மந்திர மூர்த்தியின் 'அயோத்தி' 2023 மார்ச்சில் வெளிவந்தது. அயோத்தியிலிருந்து இராமேசுவரத்திற்கு யாத்திரை வரும் குடும்பம் விபத்தில் சிக்க, தாய் இறந்துபோகிறாள். தீபாவளி விடுமுறை, மொழி தெரியாத ஊர். அவ்வம்மையாரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்ப ஓர் இளைஞன் அலுவலகந்தோறும் ஏறி இறங்குகிறான். பிரியும் வேளையில்தான் அவன் பெயர் அப்துல் மாலிக் என்பது தெரியவருகிறது.

அரங்கில் பார்த்தபோது அந்த ஒரு பெயர் உள்ளத்தை உலுக்கியது உண்மை. அண்மையில் அதையே இல்லத்தில் மறுமுறை பார்த்தேன். பெயர் முன்னரே தெரிந்துவிட்டதால், கண்கள் வேறொன்றைத் தேடின. இவனுடைய ஸலாம் எங்கே? தொழுகை எங்கே? பெயரைக் காட்டிக்கொடுக்கும் எதையும் படம் காட்டவியலாது. இறுதி நிமிட அதிர்ச்சிக்காக அவன் தன் வாழ்வையே விலையாகத் தந்திருக்கிறான்.

இது புதியதன்று. பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ரஹீம், முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்டவனேயன்றி, பிறப்பால் இந்து. நல்லிணக்கம் பேசவந்த நல்ல படங்களும் நம்மை நாமாக முன்னிறுத்தத் தயங்கியிருக்கின்றன. தீயவனாகக் காட்டும்போது மட்டும் பெயரும் தாடியும் தொப்பியும் முதற்காட்சியிலேயே வந்துவிடுகின்றன!

இதற்கு நேர்மாறாக, இல்லத்தில் பார்த்த மலையாளப் படம் ஸக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). மலப்புறத்துக் கால்பந்துக் குழுவுக்காக ஆடவந்த நைஜீரியன் சாமுவேல் காயமுற்றுப் படுக்கையில் விழ, குழுவின் மேலாளன் மஜீத் அவனைத் தன் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறான். அவன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத மஜீதின் உம்மா ஜமீலாவும், அண்டைவீட்டு பீயும்மாவும் அவனைப் பெற்ற மகனைப்போல் பேணுகின்றனர். மஜீத் புனிதனுமல்லன், தாயின் இரண்டாம் கணவரை ஏற்கவியலாத மனக்கசப்பில் உழல்பவன். அக்குறையோடுதான் அவனை நம் மனம் நேசிக்கிறது. அவ்வில்லத்தின் ஈமானைப் பறைசாற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

வழிப்போக்கருக்கு ஸகாத்திலேயே பங்கு வகுத்த மார்க்கம் நம்முடையது. இரு படங்களும் வழிப்போக்கருக்குச் செய்த உதவியையே பேசுகின்றன. ஒன்றில் அவ்வுதவி வியப்பூட்டும் செய்தி. மற்றதில் அன்றாட வழக்கம். நம்மை நெருங்கி அறியவைப்பது இரண்டாவதே.

'அயோத்தி'யின் நன்னோக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. கசப்பு மண்டிய காலத்தில் அத்தகைய படம் எடுக்கத் துணிவு வேண்டும். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: அப்துல் மாலிக் என்று முதற்காட்சியிலேயே அறிந்திருந்தால், நாம் அவனை அதே அளவு நேசித்திருக்க மாட்டோமா?

தோப்பில் முஹம்மது மீரானும் சல்மாவும் தமிழ் முஸ்லிம் இல்லங்களின் கதவை இலக்கியத்தில் எப்போதோ திறந்துவிட்டனர். ஸக்கரியா தம் மண்ணின் கதையைத் தாமே சொன்னார். நம் இளைஞரும் கதையெழுதக் கற்று, திரைத்துறையில் நுழைய வேண்டும். பிறர் நம் பெயரை இறுதியில் சொல்லும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?