பெயரும் பெயருடையதும்

'டெபெஷ் மோட்' என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் பெயருக்கு என்ன பொருள் என்று என் மாணவர் ஒருவர் வினவினார். 'அவசர நாகரிகம்' என்று கேள்விப்பட்டதையே கூறினேன். பெயரே இதுவானால் இசை எத்தகையது என்று ஏளனமும் செய்தேன். பின்னரே அகராதியைப் புரட்டினேன். பொருளிலும் பிழை, தீர்ப்பிலும் பிழை.

இங்கிலாந்தின் பாசில்டன் நகரில் வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெச்சர் ஆகிய மூவருடன் 1980இல் பாடகர் டேவ் கஹான் சேர்ந்தார். ஒரு பிரெஞ்சு நாகரிகப் பத்திரிகையின் பெயரைக் குழுவுக்குச் சூட்டலாம் என்றவர் அவரே.

பிரெஞ்சில் 'ஸ டெபெஷே' என்பது விரைதலைக் குறிக்கும் வினை. பத்திரிகைத் தலைப்பில் நிற்கும் 'டெபெஷ்' என்பதோ, விரைந்து அனுப்பப்படும் செய்தியைக் குறிக்கும் பெயர்ச்சொல். துலூஸ் நகரில் 1870இல் தோன்றிய 'லா டெபெஷ்' நாளிதழும் இப்பொருளிலேயே பெயர் பெற்றது. எனவே 'நாகரிகச் செய்தி' என்பதே நேர்பொருள். வேர் ஒன்றே, ஆயினும் இஸ்மை ஃபிஃலாகக் கொண்டால் பொருள் திரியும் என்பதை ஸர்ஃபு பயிலும் முதலாண்டு மாணவனும் அறிவான்.

இனி இசைக்கு வருவோம். 1981இல் வந்த முதல் தொகுப்பு 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்'. பெரும்பாலான பாடல்கள் கிளார்க் இயற்றியவை. மின்னிசைக் கருவிகளின் துள்ளல் மிகுதி, சொற்கள் மெலிந்தவை. அதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வாண்டே கிளார்க் விலகினார். அவசர நாகரிகமாயிருந்தால் அத்துடன் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பாடல் இயற்றும் பொறுப்பைக் கோர் ஏற்றார். 1983இல் வணிகப் பேராசையைச் சாடும் பாடலொன்று வந்தது. உலோகத்தைத் தட்டிப் பதிவுசெய்த ஓசைகளும் அவர்தம் இசையிற் புகுந்தன. 1990இல் வந்த 'வயலேட்டர்' தொகுப்பில் துள்ளல் அடங்கி நிதானம் குடிகொண்டது. 2022இல் ஃபிளெச்சர் மறைந்தார். எஞ்சிய கோரும் கஹானும் 2023இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'மெமென்டோ மோரி'. மரணத்தை மறவாதே என்பது அந்த லத்தீன் தொடரின் கருத்து. அவசரக்காரர் தேர்ந்தெடுக்கும் தலைப்பா இது?

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் வகுத்தார். இளைஞர்கள் ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்துக்கொண்ட அன்று இப்பெயர் அவர்களுக்கு இடுகுறியே. இன்று அப்பெயரைக் கேட்டதும் ஒரு குறிப்பிட்ட இசை நினைவில் எழுகிறதென்றால், அப்பொருளை ஈட்டித் தந்தது நாற்பதாண்டு உழைப்பு. அம்மாணவரை மீண்டும் அழைத்து, முன்னர்க் கூறியதைத் திருத்திக்கொண்டேன். கற்பிப்பவனுக்கு அது கடமை.