தழும்பை மறைக்கும் உருவங்கள்: மாஸ்சர்ரியலிசமும் நமது சாலைப் பதாகைகளும்

வழிபாட்டிடத்தின் சுவர்களில் உருவங்களுக்கு இடமளிக்கத் தயங்கிய மரபு நம்முடையது. உருவத்தினும் திருமொழியே முதன்மையானது என்பதைச் சீர்திருத்தத் திருச்சபைகள் வற்புறுத்தி வந்துள்ளன. ஆயினும் ஆலயத்தினுள் இடம் பெறாத உருவங்கள் இன்று ஆலயத்தின் மதிற்சுவரில் ஆளுயரத்திற்கும் மேலாக நிற்கின்றன. அவற்றுள் பலவற்றை நிறுத்துவோர் சபைகளே. ஆகவே, உருவங்களைக் குறித்த இறையியல் ஆலயத்திற்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுமாயின் அது குறையுடையதாகும். கனவையும் விளம்பரத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் குழைக்கும் மாஸ்சர்ரியலிசம் என்னும் தற்காலக் கலையியக்கத்தை இங்கு ஆராய முற்படுவது இக்காரணம் பற்றியே.

இயக்கத்தின் தோற்றம்

சர்ரியலிசம் முதல் உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்த இயக்கம். அறிவையும் முன்னேற்றத்தையும் போற்றிய ஐரோப்பா பதுங்குகுழிகளில் தன் இளைஞர்களைப் பலியிட்டது. அப்போரில் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய ஆந்த்ரே பிரெத்தோன், 1924இல் பாரிஸில் இவ்வியக்கத்தின் முதல் அறிக்கையை வெளியிட்டார். பிராய்டின் ஆய்வுகளால் தூண்டப்பெற்ற அவரும் அவருடைய தோழர்களும், விழிப்பு நிலையின் தருக்கம் மறைத்துவைக்கும் உண்மையைக் கனவிலும் அடிமனத்திலும் தேடினர். தொடர்பற்ற பொருள்களை ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்துப் பார்ப்போரைத் திடுக்கிடச் செய்வது அவர்கள் கையாண்ட முறை. மாக்ஸ் எர்ன்ஸ்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படப் புத்தகங்களின் செதுக்கோவியங்களைக் கத்தரித்து ஒட்டி 1934இல் ஒரு முழுப் படக்கதையையே உருவாக்கினார். சிங்காரமான வீட்டுக் கூடத்தில் பறவைத் தலையுடைய மனிதன் நிற்பான். தலை ஓரிடத்திலிருந்தும் உடல் வேறோரிடத்திலிருந்தும் வந்தவை. 

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கலைஞரின் கவனம் கடைத்தெருவின் பக்கம் திரும்பியது. 1956இல் இலண்டனில் ரிச்சர்டு ஹாமில்டன் பத்திரிகை விளம்பரத் துண்டுகளைக் கொண்டு ஒரு சிறு ஒட்டுப்படத்தைச் செய்தார். 1962இல் ஆண்டி வார்ஹோல், மறைந்த நடிகை மர்லின் மன்றோவின் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். இவ்விரு நீரோட்டங்களும் கலந்த நிலைக்கு 1992இல் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் சீஹேஃபர் இட்ட பெயரே மாஸ்சர்ரியலிசம். பெயரின் முற்பகுதி வெகுஜனத் தொடர்புச் சாதனங்களைக் குறிக்கும். புகைப்படம், விளம்பரம், தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் உருவங்களைக் கொண்டு கனவுக் காட்சிகளை அமைப்பது இதன் வழி.

இவ்வியக்கத்தினரின் வாதம் எளிதாகத் தள்ளிவிடத்தக்கதன்று. பிரெத்தோனின் காலத்தில் கனவு தனி மனிதனுடைய அடிமனத்தில் பிறந்தது. நம் காலத்திலோ அது ஆலையில் உற்பத்தியாகி வீட்டுக்கு வந்து சேர்கிறது. தொலைக்காட்சியில் போர்ச் செய்தியை அடுத்துச் சோப்பு விளம்பரம் வருகிறது, எவரும் திடுக்கிடுவதில்லை. சர்ரியலிசம் முயன்று படைத்த விந்தைச் சேர்க்கை அன்றாட வாழ்வாகிவிட்டது என்று இவர்கள் கூறுவது உண்மையே. நோயை இவர்கள் சரியாகக் கண்டுகொண்டனர். ஆனால் நோயைக் காட்டும் படைப்பு எது, நோயையே பெருக்கும் படைப்பு எது என்னும் கேள்விக்கு இயக்கம் தெளிவான விடை தரவில்லை. அவ்விடையைத் தேடுவதே நம் கட்டுரையின் பொருள்.

தமிழகத்தின் சாலைகள்

தமிழகத்தில் கனவை வரைந்த நவீன ஓவியருள் கே. இராமானுஜம் (1941-1973) முன்னிற்பவர். கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சென்னைக்கருகில் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த இவர், நுண்ணிய மைக்கோடுகளால் விசித்திர மாளிகைகளையும் விலங்குகளையும் அவற்றிடையே தம்மையும் வரைந்தார். அது ஒரு தனி மனிதரின் துயரத்தினின்று பிறந்த கனவு. அவருடைய கையின் நடுக்கத்தையும் நாம் அதில் காணலாம்.

வெகுஜனத்தின் கனவோ வேறிடத்தில் வளர்ந்தது. திரைப்பட விளம்பரத்திற்காகக் கையால் வரையப்பட்ட பேருருவங்கள் சென்னைச் சாலைகளில் பல ஆண்டுகள் நின்றன. அரசியல் கட்சிகள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டன. 1990களில் அன்றைய முதல்வரைக் கன்னி மரியாளின் தோற்றத்தில் சித்திரித்தபொழுது கிறிஸ்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2000க்குப்பின் கணினி அச்சு பரவவே, தூரிகை பிடித்த ஓவியர்கள் தொழிலிழந்தனர். பிளெக்ஸ் பதாகை அவ்விடத்தைப் பிடித்தது. தலைவரின் முகம் மேகத்திடையே தோன்றுகிறது. அவரருகில் சிங்கம் பாய்கிறது. பின்னால் நாடாளுமன்றமும் ஓர் அருவியும் ஒருங்கே தெரிகின்றன. அடியில் பணம் கொடுத்தோரின் முகங்கள் வரிசையாக நிற்கின்றன. காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும் இதே முறையிலேயே அமைகின்றன. இவற்றைச் செய்யும் இளைஞர்கள் சீஹேஃபரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்வியக்கத்தின் இலக்கணம் முழுவதும் அவர்கள் கையில் அமைந்திருக்கிறது.

படவேட்டின் கதை

இப்பதாகைகள் நிறைந்த சாலைகளுள் ஒன்று, ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள படவேட்டிற்கு ஆடி மாதத்தில் மக்கள் திரளும் சாலை. சம்புவராயர்களின் தலைநகராயிருந்த இவ்வூரில் ரேணுகாம்பாள் கோயில் உள்ளது. நம் ஆய்வுக்கு அக்கோயிலின் கதை பெரிதும் உதவும். பிறருடைய வழிபாட்டைத் தீர்ப்பிடுவது இங்கு நம் நோக்கமன்று. உருவங்களைப் பற்றி இம்மண் என்ன அறிந்திருந்தது என்பதைக் கேட்டறிவதே நம் நோக்கம்.

ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை, ஆற்றுமணலால் நாள்தோறும் குடம் வனைந்து நீர் கொணர்வாள். ஒருநாள் வானத்தில் சென்ற கந்தருவனின் நிழலுருவை நீரில் கண்டு மனம் சிறிது அசைந்தது, குடம் கரைந்தது. தந்தையின் ஆணைப்படி மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பின்பு அவள் உயிர் பெற வேண்டும் என்று வரம் கேட்டான். தமிழகத்தில் வழங்கும் வடிவங்கள் சிலவற்றில், அவசரத்தில் அவள் தலை தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியின் உடலோடு பொருத்தப்படுகிறது. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்க் மாரியம்மன், எல்லம்மன் ஆகிய கிராம தேவதைகளைக் குறித்து 1713இலேயே எழுதினார். பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலின் வழியாக இத்தலைமாற்றக் கதை ஐரோப்பாவை அடைய, ஜெர்மானியக் கவிஞர் கதே 1824இல் அதனைக் கவிதையாக்கி வெளியிட்டார்.

ஒருவர் தலை மற்றொருவர் உடலில் பொருந்துவது என்பது ஒட்டுப்படத்தின் அடிப்படைச் செயலேயாகும். ஆனால் கதையில் அச்செயல் இலவசமாக நடைபெறவில்லை. நீரில் தெரிந்த ஓர் அழகிய பிம்பத்திற்கு ஒரு பெண் தன் கழுத்தை விலையாகக் கொடுத்தாள். குற்றமற்ற இன்னொரு பெண்ணின் உயிரும் அதில் அடங்கியது. பொருத்திய இடத்தில் சாதியின் கொடுமை வெளிப்படையாகத் தெரிகிறது: எத்தலை உயர்ந்தது, எவ்வுடல் தாழ்ந்தது என்னும் கேள்வியைக் கேட்பவர் தவிர்க்க இயலாது. படவேட்டில் அம்மன் சிரசின் வடிவிலேயே வணங்கப்படுவது, அவ்வெட்டு மறக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையிலுள்ள பதாகையிலோ, தலையை ஒரு படத்திலிருந்து வெட்டி மற்றோர் உடலில் வைக்கும்பொழுது எவருக்கும் வலிப்பதில்லை. வெட்டிய இடமும் தெரிவதில்லை.

தழும்பு என்னும் அளவுகோல்

இங்கு நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பழைய படைப்பும் புதிய உயிரும் ஒரே உடலில் பொருந்தியதைக் குறித்த சாட்சி யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் உள்ளது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தழும்பற்ற, மெருகேற்றிய உடலோடு சீடர் நடுவே நிற்கவில்லை. கைகளின் காயங்களையும் விலாவையும் காட்டினார். தோமா அவரை அறிந்துகொண்டதும் அக்காயங்களாலேயே. மகிமை தழும்பை அழித்திருந்தால், சிலுவையில் மாண்டவர்தாம் எழுந்தார் என்பதற்கு எந்த அடையாளமும் இராது. எனவே, ஓர் உருவம் தான் வெட்டப்பட்ட இடத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்று வினவுவது கிறிஸ்தவ விமர்சனத்திற்குரிய வினாவாகும்.

ஏசாயாவின் நாற்பத்துநான்காம் அதிகாரமும் இவ்வாறே விமர்சிக்கிறது. தீர்க்கதரிசி சிலையைப் பார்த்துக் கூச்சலிடவில்லை. அது செய்யப்படும் பட்டறைக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். ஒரே மரத்தின் ஒரு பாதி அடுப்பில் எரிவதையும் மறுபாதி தெய்வமாவதையும் காட்டுகிறார். செய்முறை வெளிப்பட்டதும் மயக்கம் கலைகிறது.

இவ்வளவுகோலால் நோக்கின், தொடர்புச் சாதன உருவங்களைக் கையாளும் கலை முழுவதையும் புறக்கணிக்க வேண்டியதில்லை. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய படவரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரவிவர்மாவின் இலட்சுமி, ஆங்கிலேயர் அளவுகோல் வைத்துப் படமெடுத்த தோடர் இனப் பெண், திரைப்படத்தில் சாட்டை வீசும் நாயகி, வேளாங்கண்ணி மாதா ஆகிய எல்லா வேடங்களையும் ஒருவரே அணிந்து நிற்கிறார். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதால் வேடம் வேடமாகவே தெரிகிறது. திரையும் அட்டையும் சாயமும் மறைக்கப்படவில்லை. பக்திப் படமும் இனவியல் படமும் திரைப்படமும் ஒரு பெண்ணின் உடலை எவ்வாறு வனைந்தன என்பதை நாம் காண்கிறோம். இவர் தம்மை மாஸ்சர்ரியலிசத்தோடு இணைத்துக் கூறிக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வியக்கம் செய்யக்கூடிய நற்பணியை இவர் செய்துள்ளார்.

இறந்தோர் பேசும் திரை

தொழில்நுட்பம் இப்பொழுது இன்னும் ஒரு படி சென்றுள்ளது. 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். செயற்கை நுண்ணறிவு அவருடைய உருவையும் குரலையும் வனைந்திருந்தது. அடுத்த மாதம் மறைந்த ஜெயலலிதாவின் குரலும் அவ்வாறே ஒலித்தது. அதே ஆண்டில் மறைந்த பாடகர் இருவரின் குரல்கள், குடும்பத்தாரின் இசைவோடு, ஒரு திரைப்படப் பாடலில் பயன்பட்டன. அன்பினால் செய்யப்பட்ட செயலும் இவற்றுள் இருக்கலாம். ஆயினும் நாம் எந்தோரை நினைவுகூராதிருக்க இயலாது. சாமுவேல் முதல் நூலின் இருபத்தெட்டாம் அதிகாரத்தில், சவுல் இறந்த தீர்க்கதரிசியின் குரலை விரும்பியது தன் ஆட்சியைக் காத்துக்கொள்வதற்காகவே. ஆனால் அங்கு எழும்பிய சாமுவேல் சவுலுக்கு இசைவாகப் பேசவில்லை. அவன் வீழ்ச்சியையே அறிவித்தார். கணினி எழுப்பும் மறைந்தோர் எழுதிக் கொடுத்ததை மட்டுமே பேசுவர். மறுத்துரைக்கும் உரிமையற்ற குரல் ஒரு மனிதரின் குரலாகாது. இறப்பின் தழும்பு அதில் இல்லாததால் அது உயிர்த்தெழுதலுமன்று.

உருவங்களுக்கு எடையில்லை என்று எண்ணுவதும் தவறு. 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் உயிரோடிருப்போரின் படங்களைப் பதாகைகளில் வைத்தலாகாது என்று உத்தரவிடும் அளவிற்கு இப்பழக்கம் முற்றியிருந்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், திருமண வாழ்த்துக்காகச் சாலை நடுவே கட்டப்பட்ட பதாகை இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர்மேல் விழுந்தது. அவர் நிலைகுலைந்து வீழ்ந்து, பின்வந்த தண்ணீர் லாரியில் சிக்கி மாண்டார். திரையில் வலியற்றதாகத் தோன்றிய கனவின் விலையைச் சாலையில் சென்றவர் செலுத்தினார். ரேணுகையின் கதையில் குற்றமற்ற ஒருத்தியின் உடல் பறிபோனதை நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது பதாகைகள்

இறுதியாகத் திருச்சபையினிடம் வருகிறோம். நற்செய்திப் பெருவிழா, கன்வென்ஷன், ஆயர் வரவேற்பு ஆகியவற்றிற்காகச் சபைகள் நிறுத்தும் பதாகைகளைப் பாருங்கள். பிரசங்கியாரின் முகம் மேகத்திடையே ஒளிர்கிறது. சிங்கம், புறா, பூவுலகு, மின்னல் யாவும் அவரைச் சூழ்கின்றன. கட்சிப் பதாகையினின்று இதனைப் பிரித்தறிவது திருமறை வசனம் ஒன்றால் மட்டுமே. பல இடங்களில் சிலுவையும் உண்டு; ஆனால் அதன்பின் பொற்கதிர்கள் வீசுகின்றன, மரத்தில் ஆணியடித்த துளை இல்லை. ஆண்டவரின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஊழியரின் முகம் நிற்பதை அழகுக்குறைவு என்று மட்டும் கூறித் தப்ப இயலாது. அது கிறிஸ்தியலைப் பற்றிய கூற்று, தவறான கூற்று.

வேறு வழி இல்லாமலில்லை. ஆந்திர லுத்தரன் திருச்சபையின் போதகரும் ஓவியருமான பி. சாலமோன் ராஜ் (1921-2019), மரச்செதுக்கு அச்சாலும் பாத்திக் துணியாலும் நற்செய்தியைச் சித்திரித்தார். அவையும் பல படிகள் எடுக்கத்தக்க உருவங்களே. ஆனால் மரச்செதுக்கில் உளியின் சுவடு மறைவதில்லை. வெட்டிய இடமே வெண்மையாய் நின்று உருவத்தைத் தருகிறது. புதிய கருவி கூடாது, பழைய கருவியே போதும் என்று நாம் வாதிடவில்லை. கணினியைக் கையாளும் இளைஞர் நம் சபைகளில் பலர் உள்ளனர். அவர்களுக்கு வேலை கொடுக்கும் குழுக்களும் உள்ளன. இவ்வுருவத்தை எங்கிருந்து வெட்டினோம், எதனோடு ஒட்டினோம், எவருடைய தழும்பை மறைத்தோம் என்னும் மூன்று வினாக்களையும் அச்சுக்கு அனுப்புமுன் கேட்கும் பழக்கத்தை அவர்களிடையே வளர்க்கலாம்.

மாஸ்சர்ரியலிசம் நம் காலத்தின் கனவை நமக்குக் காட்டுகிறது. கனவைக் காட்டுவோருக்கு நாம் நன்றியுடையோர். அதன் பொருளுரைக்கும் பணியோ யோசேப்பின் காலமுதல் விசுவாசிகளிடம் ஒப்புவிக்கப்பட்டதாகும். அப்பணியை ஆற்ற விரும்பும் திருச்சபை, முதலில் தன் மதிற்சுவரிலுள்ள பதாகையை வாசிக்கக் கற்றுக்கொள்வதாக.