யார் மீதான தீர்ப்பு?

2002 செப்டம்பர் 11. நியூயார்க் தாக்குதலின் முதலாம் ஆண்டு நினைவு நாள். சியாட்டில் பாடகர்கள் சிலர் தொடங்கிவைத்த முயற்சியால், அந்தந்த ஊர் நேரப்படி காலை 8.46க்கு, முதல் விமானம் மோதிய அதே நிமிடத்தில், பல நாடுகளின் பாடகர் குழுக்கள் மோட்சார்ட்டின் ரெக்வியத்தை, அதாவது இறந்தோருக்கான லத்தீன் திருப்பலி இசையை, பாடின. இந்த வழக்கம் புதிதல்ல. 1964இல் பாஸ்டனில் கென்னடிக்காகவும், 1994இல் சரயேவோவின் எரிந்த நூலகத்திலும் ஒலித்தது இதே படைப்புதான். நினைவஞ்சலிக்கு இது பொருந்துமா என்று கேட்டால், லத்தீன் யாருக்குப் புரிகிறது, இசைதானே பேசுகிறது என்கிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் குழுக்களில் ஆசிரியையும் தபால்காரரும் வேலை முடிந்து வந்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துப் பாடுவது பெரிய காரியம். துயரத்தில் செய்வதறியாது நிற்பவர்களை அது ஒன்றுசேர்க்கிறது. இசையின் மேன்மையைப் பற்றியும் சர்ச்சை இல்லை.

ஆனால் அந்தச் சொற்கள்? ரெக்வியத்தின் நடுவே நிற்கும் ‘தியேஸ் ஈரே’ கடவுளின் கோப நாளைப் பாடுவது. எக்காளம் முழங்குகிறது, கணக்கேடு விரிகிறது, ஒளித்துவைத்த குற்றம் வெளிப்படுகிறது, சபிக்கப்பட்டோர் தீயில் விழுகிறார்கள். கேட்போர் கண்ணீர் விடும் ‘லாக்ரிமோசா’ பகுதிகூட, சாம்பலிலிருந்து மனிதன் குற்றவாளியாக எழுந்து தீர்ப்புக்கு நிற்பதைத்தான் சொல்கிறது. காலையில் வேலைக்குப் போய்ச் சாம்பலானவர்களுக்கும், அவர்களைக் காக்கப் படியேறிய தீயணைப்பு வீரர்களுக்கும் இதைப் பாடலாமா? இறந்த ஏறக்குறைய 3,000 பேரில் பல மதத்தவரும், மதமே வேண்டாமென்றவர்களும் இருந்தார்கள். அச்சத்தை மிகையாக முன்வைக்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், இப்பாடலை அடக்கத் திருப்பலியிலிருந்து எடுத்துவிட்டது. பாதிரியார் பாடத் தயங்கும் தீர்ப்பை நினைவஞ்சலி மேடை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

புரியாது என்பதும் உண்மையல்ல. நிகழ்ச்சிக் கையேட்டில் மொழிபெயர்ப்பை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மகனை இழந்த தாய் அதை மடியில் வைத்து வாசிக்கிறாள். பாடுகிறவர்கள்தாம் பொருளைப் பொருட்படுத்துவதில்லை.

இதே சொற்கள் உயிர்பெற்ற இடம் ஒன்று உண்டு. டெரெசின் வதை முகாமில் ரஃபாயேல் ஷெக்டர் யூதக் கைதிகளுக்கு வெர்டியின் ரெக்வியத்தைக் கற்றுக்கொடுத்தார். 1944 ஜூனில் நாஜி அதிகாரிகள் எதிரே அமர்ந்திருக்க அவர்கள் அதைப் பாடினார்கள். அங்கே தீர்ப்பு நாள் கொலையாளிகளை நோக்கித் திரும்பியது. நினைவுக் கச்சேரியிலோ கொலையாளி அரங்கில் இல்லை. தீர்ப்பு போய் விழ இறந்தவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வேறு வழி இல்லாமலும் இல்லை. அந்த நினைவு நாளுக்கு எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸின் புதிய படைப்பை அரங்கேற்றியது. காணாமல்போனவர்களைத் தேடி உறவினர்கள் ஒட்டிய சுவரொட்டிகளின் வாசகங்களும் இறந்தவர்களின் பெயர்களும்தாம் அதன் உரை. ஒருவர் எப்படி இருப்பார், அவரை யார் தேடுகிறார்கள் என்பதைப் பாடகர் குழு பாடுகிறது. ரெக்வியத்தில் ஒரு பெயருக்கும் இடமில்லை. இறந்தவர் யாரானாலும் அது அதே பாவிக்காகவே கெஞ்சுகிறது.

ஆடம்ஸ் பொழுதுபோக்குப் பாடகர்களுக்கு எட்டாதவர் என்பார்கள். ஃபோரே எட்டுவாரே. அவர் தம் ரெக்வியத்தில் ‘தியேஸ் ஈரே’யைச் சேர்க்கவே இல்லை. பிராம்ஸ் தம் ரெக்வியத்தில் லத்தீன் உரையை ஒதுக்கி, துயரப்படுகிற உயிருள்ளவர்களுக்கு ஆறுதலாக லூத்தரின் பைபிளிலிருந்து தாமே வரிகளைத் தேர்ந்தார். இரண்டும் ஊர்க் குழுக்கள் ஏற்கெனவே பாடிப் பழகியவை. மோட்சார்ட்தான் வேண்டுமென்றால் தீர்ப்புப் பகுதியை நிறுத்திவைத்து, அந்த இடத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கட்டும். படைப்பின் முழுமை கெடும் என்று அஞ்சத் தேவையில்லை. 1791 டிசம்பரில் மோட்சார்ட் இறந்தபோது அது முடிந்திருக்கவில்லை. இன்று பெரும்பாலும் பாடப்படுவது அவருடைய மாணவர் சூஸ்மாயர் முடித்துக்கொடுத்த வடிவம்.